நிணநீருக்கு ஒரு சபை

மருத்துவ மகாநாடுகளின் நிகழ்ச்சி நிரல்களைச் சாவகாசமாக உட்கார்ந்து படிப்பது எனக்கு நெடுநாளைய பழக்கம். இருதய வைத்தியர்களின் மகாநாடு என்றால் மேடையில் பேசுகிறவரும் எதிரே கேட்கிறவரும் பெரும்பாலும் இருதய வைத்தியர்களாகவே இருப்பார்கள்; கண்ணுக்கும் எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் கூடுகிற சபைகளும் அப்படியே. ஆனால், ஆரோக்கியத்திலும் வியாதியிலும் நிணநீர் மண்டலத்தின் பங்கு என்னவென்று விசாரிப்பதற்காகக் கூடும் சபையின் நிரலைப் புரட்டினால் காட்சியே வேறு. ஜீப்ரா மீனின் கருவில் நிணநீர்க் குழாய் முளைக்கும் விதத்தை ஒருவர் விவரிக்க, அடுத்தாற்போல் மார்பகப் புற்றுநோய்க்குக் கத்தி எடுக்கும் சர்ஜன் பேச, அவருக்குப் பின்னால் யானைக்கால் புழுவை ஆராய்கிறவர், மூளையின் உறைகளை ஆராய்கிறவர், இருதயக் கோளாறோடு பிறந்த குழந்தைகளைக் கவனிக்கிறவர், வீங்கிய கைக்குத் துணிக்கட்டுப் போடும் பிஸியோதெரபிஸ்ட் என்று, வேறு எந்தச் சபையிலும் ஒருவரையொருவர் சந்திக்க நியாயமில்லாதவர்கள் எல்லாம் இங்கே அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் கதம்பம் தற்செயலானதல்ல. சரீரத்தின் அநேகமாக எல்லா அவயவங்களுக்கும் ஊடே ஓடுகிற இந்த மண்டலத்துக்கு வைத்திய சாஸ்திரத்தில் சொந்தமாக ஒரு வீடு இல்லை. கால் வீங்கினால் நோயாளி தோல் வைத்தியரிடம் போவதா, ரத்தக் குழாய் சர்ஜனிடம் போவதா, பொது வைத்தியரிடம் போவதா என்று கேட்டால், பெரிய ஆஸ்பத்திரியின் விசாரணை மேஜையில் இருப்பவருக்கே சட்டென்று பதில் வராது. எல்லாருக்கும் கொஞ்சம் சொந்தம், எவருக்கும் முழுப் பொறுப்பில்லை என்னும் நிலையில் இருக்கிற ஒரு விஷயத்துக்கு, வருஷக் கணக்கில் இடைவெளி விட்டுக் கூடுகிற ஒரு சபைதான் இன்றுவரை உண்மையான இருப்பிடமாக இருந்து வருகிறது என்பது என் அபிப்பிராயம். இந்த நீண்ட பதிவில் நான் சொல்லப்போவதெல்லாம் அந்த ஒரு அபிப்பிராயத்தின் விரிவுதான்.

முதலில் சரீரத்துக்குள் நடக்கும் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். இருதயம் உந்தித் தள்ளும் ரத்தம் மிக நுண்ணிய தந்துகிகளை அடைந்ததும், அதிலுள்ள நீர்ப்பகுதியில் ஒரு பங்கு, கொஞ்சம் புரதத்தையும் உடன் கொண்டு, குழாய்ச் சுவரின் வழியே கசிந்து திசுக்களுக்குள் பரவுகிறது. கசிந்தது திரும்பி ரத்தத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் அங்கே வீக்கம். தஞ்சை ஜில்லாக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய் நிற்கிற மிராசுதார், வடிகால் தூர்ந்து கிடப்பதை, ஐப்பசி மழையில் இடுப்பளவு தண்ணீர் நின்று பயிர் அழுகும் வரைக்கும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. நிணநீர்க் குழாய்கள் சரீரத்தின் வடிகால்கள்.

கசிந்த நீரில் பெரும்பகுதியைச் சிரைப் பக்கத்துத் தந்துகிகளே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன என்றும், மிச்சம் மீதியைத்தான் நிணநீர்க் குழாய் எடுத்துக்கொள்கிறது என்றும், எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896-இல் வகுத்த தத்துவத்தை ஆதாரமாகக் கொண்டு, தலைமுறை தலைமுறையாக வகுப்பறைகளில் போதித்து வந்தார்கள். ஆனால் தந்துகிச் சுவரின் உட்புறத்தைப் பற்றிய பிற்கால ஆராய்ச்சிகளைத் திரட்டி, 2010-இல் லெவிக், மிஷெல் என்னும் இருவர் அந்தப் போதனையைத் திருத்தி எழுதினார்கள். பெரும்பாலான திசுக்களில் அப்படித் திரும்ப உறிஞ்சுதல் நீடித்து நடப்பதே இல்லை, கசிந்த நீர் அநேகமாக முழுவதும் நிணநீர் வழியாகவே திரும்புகிறது என்பது அவர்கள் முடிவு. எடுபிடி ஆள் என்று எண்ணியிருந்தவன்தான் வீட்டுக் காரியம் முழுவதையும் பார்த்து வந்திருக்கிறான்!

இந்த நீரைத் தள்ளுவதற்குத் தவளைக்குத் தனியாகச் சிறு இருதயங்களே உண்டு. நமக்கு அந்தப் பாக்கியம் இல்லாவிட்டாலும், நம் நிணநீர்க் குழாய்கள் கண்ணறை கண்ணறையாக வால்வுகளால் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கண்ணறையும் தானாகவே சுருங்கி விரிந்து, மேலே உள்ளதற்குத் தள்ளிவிடுகிறது. நடக்கும்போது அசைகிற தசைகளும் மூச்சு விடும்போது ஏறி இறங்குகிற மார்பும் அதற்கு ஒத்தாசை செய்கின்றன. வழியில் 500-க்கும் மேற்பட்ட கணுக்கள் காவல் இருக்கின்றன. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அது அந்தக் காவல் சாவடி ஒன்று விழித்துக்கொண்டதன் அடையாளம். கடைசியில் வலது கை, வலப்புற மார்பு, தலையின் வலப்பாதி ஆகியவை நீங்கலாக மற்றெல்லா இடத்து நிணநீரும் மார்புக் குழாயில் சேர்ந்து, கழுத்தின் இடப்புறத்து அடிவாரத்தில் சிரையில் கலக்கிறது. நாம் உண்ணும் நெய்யிலும் எண்ணெயிலும் உள்ள கொழுப்பில் பெரும்பகுதியும் இந்த வழியாகத்தான் ரத்தத்துக்கு வருகிறது.

அந்தக் கொழுப்புத்தான் இம்மண்டலத்தை முதன்முதலில் காட்டிக்கொடுத்தது. 1622-ஆம் வருஷம் ஜூலை மாதம் 23-ஆம் தேதி, இத்தாலியில் காஸ்பாரே அசெல்லி என்னும் உடற்கூறு ஆசிரியர், குரல்வளைக்குப் போகும் நரம்புகளையும் உதரவிதானத்தின் அசைவையும் பார்க்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, உயிருள்ள ஒரு நாயின் வயிற்றைத் திறந்தார். இக்காலத்தில் நமக்குக் கூசுகிற காரியந்தான். அக்காலத்தில் அதுவே முறையாக இருந்தது. குடலை ஒதுக்கிக் கீழே இழுத்தபோது, குடலைத் தாங்கும் சவ்வின்மேல் மெல்லிய வெள்ளைக் கயிறுகள் பல ஓடுவதைக் கண்டு, முதலில் நரம்புகள் என்று எண்ணினார். சந்தேகம் தீர அவற்றுள் பெரியதாக ஒன்றைக் கத்தி முனையால் கீறினார். பாலைப்போல வெள்ளையாக ஒரு திரவம் வெளிப்பட்டது. அவர் ஆனந்தித்துக் கூடியிருந்தவர்களைப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாய் இறந்துபோக, வெள்ளைக் கோடுகளும் கண்ணெதிரிலேயே மறைந்தன. மறுநாள் வேறொரு நாயைத் திறந்தார், ஒன்றையும் காணோம். முதல் நாய் வயிறு நிறையத் தின்றிருந்தது, இரண்டாவது பட்டினி கிடந்தது என்பது பிறகு அவருக்குப் புலப்பட்டது. நன்றாகத் தீனி கொடுத்த இன்னொரு நாயில் அவை மீண்டும் காட்சி கொடுத்தன. அவர் எழுதிய நூல் அவர் காலமான பிறகு 1627-இல்தான் வெளிவந்தது. உடற்கூற்றுப் படங்களை வர்ணத்தில் அச்சிட்ட முதல் புத்தகம் என்ற பெயரும் அதற்கு உண்டு.

ஆனால் அந்தப் பால் போய்ச் சேருமிடம் கல்லீரல் என்றே அசெல்லி நம்பினார். ரத்தத்தின் சுழற்சியை நிரூபித்த ஹார்வியோ, அந்தக் குழாய்களுக்கு அசெல்லி சொன்ன பணியையே கடைசி வரையில் ஒப்புக்கொள்ளவில்லை. 1651-இல் பிரான்ஸ் தேசத்து இளைஞர் பெக்கே, மார்புக் குழாயைப் பின்தொடர்ந்து போய், அந்தப் பால் கல்லீரலைத் தொடாமல் கழுத்தடிச் சிரையில் கலப்பதைக் காட்டினார். 1652-இல் ஸ்வீடனில் இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத ரூட்பெக், மகாராணி கிறிஸ்டினாவின் முன்னிலையிலேயே நிணநீர்க் குழாய்களைப் பிரித்துக் காண்பித்தார். மறு வருஷமே டென்மார்க்கின் பார்த்தோலின் தாம்தான் முந்தியவர் என்று நூல் வெளியிட, இருவருக்கும் பெரிய வழக்கு மூண்டது. ரத்தத்தை உற்பத்தி செய்யும் ராஜஸ்தானத்தைக் கல்லீரல் இழந்துவிட்டதென்று அதற்கு ஒரு கல்லறை வாசகமே எழுதிவைத்தார் பார்த்தோலின். பண்டிதர்களின் சண்டையிலும் ஹாஸ்யத்துக்குக் குறைவில்லை.

இவ்வளவு ஆரவாரத்தோடு பிறந்த ஒரு சாஸ்திரம் பிறகு ஏன் பின்தங்கியது? நிணநீருக்கு நிறமில்லை, குழாயின் சுவரோ சவ்வினும் மெல்லியது, உயிர் போனதும் சுருங்கி மறைந்துவிடுகிறது. மஸ்காஞ்ஞி என்னும் இத்தாலியர் பாதரசத்தை ஏற்றி மனித சரீரம் முழுவதற்கும் படம் வரைந்து 1787-இல் வெளியிட்டது ஒரு மகத்தான சாதனை; ஆயினும் அதற்குப் பிறகும், நுண்ணோக்கியின் கீழ் ஒரு மெல்லிய குழாயைப் பார்த்தால் அது ரத்தத்துக்கு உரியதா, நிணநீருக்கு உரியதா என்று நிச்சயமாகச் சொல்ல வழியில்லாமல் இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தன. பன்றிக் கருக்களை ஆராய்ந்து, நிணநீர்க் குழாய்கள் சிரைகளிலிருந்தே முளைக்கின்றன என்று அமெரிக்காவில் ஃபுளோரன்ஸ் ஸாபின் என்னும் பெண்மணி 1902-இல் கூறியதும், இல்லை, அவை திசுக்களுக்குள்ளே தனியாகத் தோன்றிப் பிறகுதான் சிரைகளோடு இணைகின்றன என்று மற்றவர்கள் மறுத்ததும், தீர்ப்பில்லாத விவகாரமாகவே நின்றன.

தீர்ப்புக்கு வழி 1990-களில் பிறந்தது. நிணநீர்க் குழாயின் உயிரணுக்களுக்கே உரிய அடையாளப் புரதங்கள் சில ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டன. ப்ராக்ஸ்-1 என்னும் மரபணுவை நீக்கினால் எலிக் கருவில் நிணநீர் மண்டலமே உண்டாவதில்லை என்று கிலெர்மோ ஆலிவரின் ஆராய்ச்சிச்சாலை 1999-இல் காட்டியது. சிரையின் உயிரணு ஒன்று அந்த மரபணுவின் கட்டளையால் நிணநீர் உயிரணுவாக மாறுவதும் தெரியவந்தபோது, ஸாபின் அம்மையார் சொன்னது பெரும்பாலும் சரியே என்று ஏற்பட்டது. பிறக்கும்போதே கால் வீங்கியிருக்கும் ஒரு குடும்ப வியாதியை நெப்ராஸ்காவின் மில்ராய் 1892-இல் விவரித்து வைத்திருந்தார். நிணநீர்க் குழாய் வளர உத்தரவைப் பெற்றுக்கொள்ளும் புரதத்தின் மரபணுவில் உள்ள பிழையே அதற்குக் காரணம் என்பது 2000-ஆம் வருஷத்தில் வெளிப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய வைத்தியர் ஒருவரின் குறிப்பும் புதிய மரபணுச் சாஸ்திரமும் கைகோத்துக்கொண்ட தருணம் அது.

மூளைக்கு நிணநீர்க் குழாய்கள் இல்லை என்பது சமீப காலம் வரையில் பாடப் புத்தகங்களின் திடமான வாக்காக இருந்தது. 2015-இல், விர்ஜீனியாவில் கிப்னிஸின் ஆராய்ச்சிச்சாலையிலும், ஹெல்ஸிங்கியில் அலிடாலோவின் ஆராய்ச்சிச்சாலையிலும், ஒன்றையொன்று சாராமல், எலியின் மூளையுறையில் அவை இருப்பதை நிரூபித்தார்கள். விர்ஜீனியாவில் லூவோ என்னும் இளம் ஆராய்ச்சியாளர் கையாண்ட உபாயம் எளியது: உறையை உரித்தெடுத்துப் பிறகு பதப்படுத்துகிற வழக்கத்தை மாற்றி, மண்டையோட்டு மூடியில் ஒட்டியிருக்கும்போதே பதப்படுத்தி, அதன் பிறகு உரித்துப் பரப்பினார், உறை சுருங்காமல் முழுப் பரப்பாகக் கிடைத்தது, பெரிய சிரைகளின் ஓரமாகக் குழாய்களும் தென்பட்டன. அடையாளப் புரதங்களைக் கண்டுபிடித்தவர்களின் உழைப்பு இல்லாவிட்டால், அப்போதும் அவை இன்ன குழாய்கள் என்று சொல்லியிருக்க முடியாது. மறதி நோய்க்கும் இந்த வடிகாலுக்கும் உள்ள சம்பந்தம் இப்போது இத்தகைய சபைகளில் மிகுந்த சூடோடு விவாதிக்கப்படுகிறது.

ஆராய்ச்சியின் கதை இப்படி இருக்க, வியாதியின் கதை நம் வாசலிலேயே இருக்கிறது. கும்பகோணத்தின் பெயரைச் சொன்னாலே யானைக்காலை நினைத்துக்கொண்டு பரிகாசம் செய்கிற காலம் ஒன்று இருந்தது. கும்பகோணத்துக்காரர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள், நோயாளிகள் வேட்டியையும் புடவையையும் தழையத் தழையக் கட்டி மறைத்துக்கொண்டார்கள். இந்த நோயின் நுண்புழுவை மனித ரத்தத்தில் முதலில் கண்டவர் கல்கத்தாவில் இருந்த திமோதி லூயிஸ், வருஷம் 1872. அது கொசுவின் உடலில் வளர்வதை 1877-இல் சீனத்தின் அமாய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன் கண்டார். அந்த நுண்புழு பகலில் நுரையீரலின் குழாய்களில் ஒளிந்திருந்து, கொசு கடிக்கும் இரவு வேளையில் வெளி ரத்தத்துக்கு வருகிறது. ஆகையால்தான், 1955-இல் தேசிய பைலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஆரம்பமான பிறகு, சுகாதார ஊழியர்கள் ஊர் அடங்கும் நேரத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, தூங்குகிறவர்களை எழுப்பி, விரல் நுனியைக் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்துப் போனார்கள். டார்ச் வெளிச்சத்தில் விரலை நீட்டிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் ‘இந்த நேரத்தில் என்ன ஐயா ரத்தம்?’ என்று கேட்காதவர்கள் குறைவு. அவர்களுக்கு மான்சனின் கதையைச் சொல்லியிருந்தால் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கும்.

அந்தப் புழுவுக்கு இன்றும் கொடுக்கப்படும் மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய ஆராய்ச்சிச்சாலையிலிருந்து 1947-இல் வெளிவந்தது. நோய் பரவியிருந்த ஜில்லாக்களில் எல்லாருக்கும் மாத்திரை கொடுத்து, யானைக்கால் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதபடி ஒழித்துவிட்டதாக இலங்கை 2016-இல் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற்றது. ஆனால் புழு இறந்தாலும், அது சிதைத்த நிணநீர்க் குழாய் பழைய நிலைக்கு வருவதில்லை. வடியாமல் தேங்கிய காலில், விரலிடுக்கின் சிறு வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்து, குளிர் காய்ச்சலும் நெறிக்கட்டும் வந்து போகும் ஒவ்வொரு தடவையும் வீக்கம் ஒரு படி ஏறுகிறது. பிரேஸிலின் ரெசிஃபே நகரத்தில் கெருசா ட்ரேயர் என்னும் வைத்தியர், சோப்பும் தண்ணீரும் கொண்டு தினந்தோறும் காலைக் கழுவி, ஈரம் போகத் துடைப்பதே அந்தக் காய்ச்சலைக் குறைக்கும் என்று காட்டி, நோயாளிகளைத் திரட்டி நம்பிக்கைச் சங்கங்கள் அமைத்தார்.

இதே வீக்கம் கொசுவின் சம்பந்தமே இல்லாமலும் வரும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை எல்லாம் வெட்டி எடுத்த பிறகு சில பெண்மணிகளுக்குக் கை வீங்குவதை ஆராய்ந்து, அதையும் யானைக்கால் இனத்திலேயே சேர்த்து 1921-இல் எழுதினார் அமெரிக்க சர்ஜன் ஹால்ஸ்டெட். அந்தப் பெரிய அறுவையைப் பிரசித்தப்படுத்தியவரும் அவரே. 1990-களில் ஒரு மாற்றம் வந்தது: கட்டியின் அருகே நீலச் சாயத்தைச் செலுத்தி, நிணநீர் முதலில் எந்தக் கணுவுக்குப் போகிறதென்று பார்த்து, அந்தக் காவல் கணுவை மட்டும் எடுத்துச் சோதித்து, அதில் புற்று இல்லையென்றால் மற்றக் கணுக்களைத் தொடாமல் விட்டுவிடுவது. நிணநீரின் வழியை அறிந்ததனால் எத்தனையோ பெண்மணிகளின் கைகள் பிழைத்தன.

இனி சபைக்கே திரும்புகிறேன். இத்துறைக்கான சர்வதேசச் சங்கம் 1966-இல் ஸூரிச் நகரத்தில் தோன்றியது. அதன் மகாநாடு இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கூடுகிறது. 1999-இல் அது சென்னையில் கூடியது. பல தேசத்து நிபுணர்கள், புழுவால் வரும் வீக்கத்தைச் சாதாரணமாகக் காணக்கூடிய ஒரு மாகாணத்துக்கு வந்தார்கள் என்பதே எனக்கு அதில் விசேஷமாகப் படுகிறது. ஏனென்றால் பணக்காரத் தேசங்களின் நிபுணருக்கு வீக்கம் என்றால் புற்றுநோய்க்குப் பிந்தைய கை, நம் நிபுணருக்கு வீக்கம் என்றால் புழு புகுந்த கால். இருவரும் ஒரே வடிகாலைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது ஒரே அறையில் உட்கார்ந்தால்தான் உறைக்கும். மூலக்கூறு ஆராய்ச்சிக்காரர்களுக்கு 2004 முதல் கார்டன் மகாநாடு என்று வேறொன்றும் உண்டு. அங்கே காலையிலும் மாலைக்குப் பிறகும் உரைகள், நடுவில் பிற்பகலில் ஓய்வு; பேசியதை வெளியே எடுத்துச் சொல்லக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது என்பது விதி. இன்னும் அச்சேறாத, நாளைக்கே தவறாகிப் போகக்கூடிய விஷயங்களைத் தைரியமாகச் சொல்லுவதற்கு அந்த விதி இடம் கொடுக்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும் என்றே தோன்றுகிறது. ஆனால் நோயாளியின் காலை நேரில் பார்த்தவர்கள் இல்லாத சபை, எவ்வளவு நுட்பமான மரபணுவைப் பேசினாலும், பாதிச் சபைதான்.

சபைகள் கலைந்த பிறகும் நோயாளிக்கு ஓர் இடம் வேண்டும். நம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும், வாரத்துக்கு ஒரு நாளாவது, தோல் வைத்தியரும் சர்ஜனும் பிஸியோதெரபிஸ்டும் சேர்ந்து உட்காரும் வீக்கச் சிகிச்சைப் பிரிவு ஒன்று இருந்தால், பெரிய செலவில்லாமல் பெரிய உபகாரம் நடக்கும். அதை அரசாங்கம் செய்யட்டும். வாசகர்களாகிய நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ கால் வீங்கியவர் இருந்தால், அவர் அதை மறைத்துக்கொண்டு நடமாட வேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள். தினமும் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் புண் இருந்தால் உடனே வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். புற்றுநோய் அறுவை முடிந்த ஒரு பெண்மணி, கை கனக்கிறது, வளையல் இறுகுகிறது என்று சொன்னால், ‘அது அப்படித்தான் இருக்கும்’ என்று வாயடைத்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் கவனித்தால் அடக்கிவிடக்கூடிய வீக்கம், இரண்டு வருஷம் விட்டுவிட்டால் தடித்து நிலைத்துவிடும். யானைக்கால் மாத்திரை கொடுக்கச் சுகாதார ஊழியர் வாசலுக்கு வரும்போது, ‘எங்களுக்குத்தான் ஒன்றும் இல்லையே’ என்று திருப்பி அனுப்பாமல், அவர் எதிரிலேயே வாங்கி விழுங்குங்கள்.